வறட்சிக்கும் கணக்கு உண்டு



சேலம், நாமக்கல் சமவெளியின் சிற்றூர்களில் முதியோரிடம் பேச்சுக் கொடுத்தால், “அந்தக் காலத்தில் மாதம் மும்மாரி பெய்தது, இப்பொழுது மழையே இல்லை” என்பார்கள். அவர்கள் பொய் சொல்பவர்கள் அல்லர். ஆயினும் மனித நினைவு, நல்ல மழையையும் கொடிய பஞ்சத்தையும் வைத்துக்கொண்டு நடுத்தரமான ஆண்டுகளை மறந்துவிடுகின்றது. ஆதலால் அந்தக் கூற்றைக் கணக்கினால் சோதித்துப் பார்ப்பது நம் கடமை.

முதலில் பழைய செய்தி ஒன்று. 1876-ஆம் ஆண்டு, தாது வருஷத்தில், மழை பொய்த்தது. இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் உள்ளடக்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்தில் 1871-இல் ஏறக்குறைய 19 இலட்சத்து 67 ஆயிரம் மக்கள் இருந்தனர். 1881-இல் எண்ணியபொழுது ஏறக்குறைய 16 இலட்சம் பேரே இருந்தனர். மாண்டவர்கள், ஊரைவிட்டு அகன்றவர்கள், பிறக்காமலே போன குழந்தைகள் ஆகிய அனைவரும் அந்த மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குறைவில் அடங்குவர். 1877-இல் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி, நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அது உடலுக்குப் போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். தவறான ஓர் எண் எத்தனை உயிர்களோடு விளையாடும் என்பதற்கு இதுவே சான்று.

இனி, வறட்சியை அளப்பது எப்படி? இரண்டு ஊர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் ஊரில் ஐந்தாண்டுகளில் பெய்த மழை 780, 820, 790, 810, 800 மில்லிமீட்டர். இரண்டாம் ஊரில் 1200, 450, 1100, 400, 850. இரண்டிற்கும் சராசரி 800 தான். ஆனால் முதல் ஊர் ஐந்தாண்டும் விதைத்து அறுக்கும். இரண்டாம் ஊர் இரண்டு ஆண்டுகள் மாட்டை விற்று வயிற்றைக் கழுவும். ஆகையால் சராசரி மட்டும் போதாது. ஒவ்வோர் ஆண்டும் அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றது என்பதையும் பார்க்க வேண்டும். இயல்பான மழையில் 26 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தால் மிதமான வறட்சி என்றும், அதற்கும் மேற்பட்டுக் குறைந்தால் கடும் வறட்சி என்றும் இந்திய வானிலைத் துறை வகுத்துள்ளது.

அடுத்த கேள்வி, வறட்சி காலப்போக்கில் மிகுந்து வருகின்றதா என்பது. இங்கேதான் பலர் சறுக்குகின்றனர். தமிழ்நாட்டில் 2005-ஆம் ஆண்டு பெருமழை பெய்தது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என அரசு அறிவித்தது. 2021-இல் மீண்டும் மிகுமழை. 2005-இல் தொடங்கி 2016-இல் முடித்தால் மழை குறைகின்றது என்று தோன்றும். 2016-இல் தொடங்கி 2021-இல் முடித்தால் கூடுகின்றது என்று தோன்றும். தொடக்கத்தையும் முடிவையும் நம் விருப்பம்போல் தேர்ந்தால், விரும்பிய விடையே கிட்டும்.

இதற்கு மாற்றாகப் புள்ளியியலார் ஒரு நேர்மையான வழி கண்டனர். மான், கெண்டல் என்னும் இருவர் பெயரால் அது வழங்குகின்றது. ஒவ்வோர் ஆண்டின் மழையையும் பின்வந்த எல்லா ஆண்டுகளோடும் ஒப்பிடுவர். பின்னது மிகுந்தால் கூட்டல் ஒன்று. குறைந்தால் கழித்தல் ஒன்று. முப்பது ஆண்டுகளுக்கு 435 ஒப்பீடுகள் வரும். கூட்டலும் கழித்தலும் ஏறக்குறையச் சமமாயின், போக்கு என்று சொல்ல இடமில்லை. ஒரு பக்கம் பெரிதும் சாய்ந்தால் மட்டுமே, அது தற்செயலன்று என்று கூறலாம்.

மழைக்கணக்கு மட்டும் முழுக்கணக்கு ஆகாது. இச்சமவெளியின் அடியில் இருப்பது கடும்பாறை. வெடிப்புகளில்தான் நீர் தங்கும். திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளை வண்டிகள் இந்தியா முழுவதும் துளையிடுகின்றன. சொந்த மண்ணையும் அவை விடவில்லை. பெய்யும் மழை ஊறுவதைவிட மிகுதியாக இறைத்தால், மழை குறையாத ஆண்டிலும் கிணறு வற்றும். வானத்தைக் குறை கூறுமுன் கிணற்றின் நீர்மட்டத்தையும் குறித்துப் பார்க்க வேண்டாமா?

மாணவர்களே, உங்கள் பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானியை வையுங்கள். நாள்தோறும் காலையில் அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். மழையில்லாத நாளில் சுழி என்று எழுத மறவாதீர்கள்; வறட்சியின் கணக்கில் அந்தச் சுழியே முக்கியமானது. அருகிலுள்ள கிணற்றின் நீர்மட்டத்தையும் மாதம் ஒருமுறை குறியுங்கள். நீங்கள் தொடங்கியதை அடுத்த வகுப்பினர் தொடரட்டும். முப்பது ஆண்டுகளுக்குப் பின் உங்கள் ஊரில் ஒருவர், “அந்தக் காலத்தில் நல்ல மழை” என்று சொன்னால், அது உண்மையா என்று பார்க்க அந்தப் பதிவேடு இருக்கும்.