டேப் பிடித்த கைகள்



பழைய ஆலயங்களைக் காப்பது பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். பழமை என்றாலே நமக்குக் கல்தான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது மரத்தால் கட்டிய ஓர் ஆலயத்தைப் பற்றி. அதுவும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே எரிந்து சாம்பலான ஆலயம். எரிந்துபோனதைக் காப்பாற்றியது எப்படி என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அலாஸ்காவின் தென்கிழக்கே பாரனாஃப் என்றொரு தீவு. முன்னால் கடல், பின்னால் மலை, வருடமெல்லாம் மழை. அங்கே சிட்கா என்று ஒரு சின்ன ஊர். டிலிங்கிட் என்ற பழங்குடி மக்களின் மண் அது. கடல் நீர்நாயின் தோலைத் தேடி வந்த ரஷ்ய வணிகர்கள் 1804-இல் அவர்களோடு போரிட்டு இடத்தைப் பிடித்தார்கள். நோவோ-ஆர்க்காங்கெல்ஸ்க் என்று பெயர் வைத்தார்கள். ரஷ்ய அமெரிக்காவுக்கு அதுவே தலைநகர் ஆயிற்று. இந்த ஆலயத்தின் கதை தோல் வியாபாரத்தில்தான் தொடங்குகிறது. அதை மறைத்துவிட்டுப் பக்தியை மட்டும் பேசினால் அது பாதிக் கதை.

ரஷ்ய அமெரிக்காவின் அலூஷியன் தீவுகளுக்கு 1824-இல் ஒரு பாதிரியார் வந்து இறங்கினார். இவான் வெனியாமினோவ். சைபீரியாவின் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அந்தத் தீவுகளில் பத்து வருடம் இருந்தார். தச்சு வேலை தெரியும், கடிகாரம் செய்யத் தெரியும். போன இடத்து மொழியை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அங்கே வாழ்ந்த அலூட் மக்களின் தலைவர்களில் ஒருவரான இவான் பான்கோவோடு சேர்ந்து உட்கார்ந்து, அலூட் மொழிக்கு எழுத்து முறை அமைத்தார். பிறகு சிட்காவுக்கு வந்தார். மனைவி இறந்தபின் துறவு ஏற்று, இன்னொசென்ட் என்ற பெயருடன் 1840-இல் ஆயரானார். ஆயர் இருந்தால் பேராலயம் வேண்டுமல்லவா? 1844-இல் வேலை தொடங்கி 1848-இல் முடிந்தது, அதிதூதர் மிக்கேல் பேராலயம். மணிக்கூண்டில் ஓடிய கடிகாரம் ஆயரே தம் கையால் செய்தது.

கட்டடத்தைக் கொஞ்சம் பார்ப்போம். சிலுவை வடிவம். முழு மரங்களை அடுக்கி எழுப்பிய சுவர். வெளியே பலகை அடித்திருக்கிறார்கள். மேலே குவிமாடம், முன்புறம் மணிக்கூண்டு. உள்ளே சுவருக்கும் கூரைக்கும் என்ன போர்த்தினார்கள் தெரியுமா? பாய்மரத் துணி! துறைமுக ஊரில் கைக்குக் கிடைத்தது அதுதான். அந்தத் துணிச் சுவர்களுக்கு நடுவே வெள்ளித் தகடு போர்த்திய திருவுருவப் படங்கள். சிட்கா அன்னை என்று போற்றப்படும் மரியன்னை படம், ரஷ்ய ஓவியர் பொரோவிகோவ்ஸ்கியின் கைவண்ணம் என்பார்கள். அதை ஆலயத்துக்கு அளித்தவர்கள் ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனியின் தொழிலாளர்கள்.

1867-இல் ரஷ்யா அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றது. கொடி இறங்கிக் கொடி ஏறியதும் இதே சிட்காவில்தான். ரஷ்யர்கள் பெரும்பாலோர் கப்பலேறிவிட்டார்கள். ஆலயம் என்ன ஆகும்? விற்பனை ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவிலேயே அதற்குப் பதில் எழுதியிருந்தார்கள். ரஷ்ய அரசு கட்டிய தேவாலயங்கள் அங்கே தங்கி வழிபடும் சபையினருக்கே சொந்தம். நாடு கைமாறும்போது சாமி கும்பிடும் இடம் யாருக்கு என்று ஒரு வரி எழுதிவைத்தார்களே, அந்தக் குமாஸ்தா யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விந்தை. ரஷ்யர்கள் போனபின், 1880-களில், டிலிங்கிட் மக்கள் திரளாக இந்த ஆலயத்தின் சபையில் சேர்ந்தார்கள். எந்த ரஷ்யனோடு தாத்தா போரிட்டாரோ, அவன் விட்டுச்சென்ற ஆலயத்தைப் பேரன் தன்னுடையது ஆக்கிக்கொண்டான். வந்த அமெரிக்கப் பள்ளிக்கூடம் பிள்ளைகளின் தாய்மொழியை அடக்கிய காலத்தில், இந்த ஆலயம் அந்த மொழிக்கு இடம் கொடுத்தது. வரலாற்றாசிரியர்கள் வேறு காரணங்களும் சொல்வார்கள். எனக்கு இது ஒன்றே பெரிதாகப் படுகிறது.

இப்போது 1966, ஜனவரி 2. பொழுது சரியாக விடியவில்லை. கடைத்தெருவில் தீப்பிடித்தது. மர ஊர், கடல்காற்று வேறு. லூத்தரன் ஆலயமும் அதே தீயில் போயிற்று. நெருப்பு பேராலயத்தை நெருங்கியபோது ஊர் மக்கள் ஓடிவந்தார்கள். எந்தச் சபை, என்ன இனம் என்று பார்க்கவில்லை. வாசலிலிருந்து வரிசையாக நின்று படங்களையும் சிலுவைகளையும் பூசைப் பாத்திரங்களையும் திருவுடைகளையும் கைமாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். கனத்த சரவிளக்கும் வெளியே வந்தது. உள்ளே இருந்த செல்வத்தில் பெரும்பகுதி தப்பியது. மணிகள் உருகிப்போயின. கட்டடம் மிஞ்சவில்லை.

இந்தக் கைகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். பேசத்தான் வேண்டும். நான் இன்னொரு ஜோடிக் கைகளைப் பற்றியும் பேச வேண்டும்.

1930-களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். கட்டடக் கலைஞர்களுக்கு வேலையில்லை. தேசியப் பூங்காத் துறையில் இருந்த சார்ல்ஸ் பீட்டர்சன் 1933-இல் ஒரு யோசனை சொன்னார். சும்மா இருக்கிற இவர்களைக் கூப்பிட்டு நாட்டின் பழைய கட்டடங்களை அளக்கச் சொல்வோம். அங்குலம் அங்குலமாக அளந்து, வரைந்து, அரசு நூலகத்தில் வைப்போம். அப்படித்தான் வரலாற்றுக் கட்டட ஆவணத் திட்டம் பிறந்தது. அந்தத் திட்டத்தின் ஆட்கள் சிட்காவுக்கும் போய் இந்தப் பேராலயத்தை அளந்திருந்தார்கள். ஜன்னல் எவ்வளவு, குவிமாடத்தின் வளைவு எவ்வளவு, எல்லாம் தாளில் இருந்தது.

யோசித்துப் பாருங்கள். மழையில் டேப் பிடித்துக்கொண்டு ஒருவர் எண் சொல்கிறார், இன்னொருவர் குறித்துக்கொள்கிறார். பார்க்கிறவர்களுக்கு அதில் என்ன சுவாரசியம்? தீயணைத்தவரைத் தோளில் தூக்குவோம். அளவெடுத்தவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்திருக்க மாட்டோம்.   

அந்த வரைபடங்களை வைத்துத்தான் பேராலயத்தைப் பழைய இடத்தில், பழைய உருவில் மறுபடி எழுப்பினார்கள். பத்தாண்டு முயற்சி. 1976 நவம்பரில் திருநிலைப்படுத்தினார்கள். ஆனால் மரத்தால் கட்டவில்லை. தீப்பற்றாத பொருள்களால் கட்டினார்கள். இங்கேதான் சண்டை. மரம் போனால் பழமை போயிற்று, இது வெறும் நகல் என்பார் உண்டு. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் நான் சிட்காக்காரர்கள் பக்கம். தீயிலிருந்து தப்பிய படங்களை மறுபடியும் ஒரு மரப்பெட்டிக்குள் வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. சுவர் புதிது, சுவரில் இருப்பது பழையது. எதைக் காக்கச் சுவர் எழுப்புகிறோம் என்று தெரிந்து செய்த முடிவு அது.

மரத்தையே காக்க வேண்டும் என்பவர்களுக்கும் சிட்காவில் இடம் உண்டு. பேராலயத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஆயர் இல்லம் இருக்கிறது. 1840-களில் ஃபின்லாந்துத் தச்சர்கள் கட்டியது. நனைந்து உளுத்துக் கிடந்த அதைத் தேசியப் பூங்காத் துறை 1970-களில் வாங்கியது. பழுது பார்த்து முடிக்க 1988 ஆயிற்று. உளுத்த மரத்தை மட்டும் மாற்றி, நல்ல மரத்தை அப்படியே விட்டார்கள். ஓரிடத்தில் சுவரின் உட்புறத்தை மூடாமல் திறந்து வைத்திருக்கிறார்கள். மரத்தோடு மரம் எப்படிக் கோத்திருக்கிறது என்று போகிறவர்கள் நின்று பார்க்கலாம்.