இன்று ஒரு தகவல்: கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை



கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். இதைக் கண்டறிந்த ஜெர்மானிய மருத்துவர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. மணமான பெண்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தொற்று எப்போதாவது வந்துபோகும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் அதை விரட்டிவிடும்.

ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களின் நிலைமை வேறு. எதிர்ப்புச் சக்தி குறைவதால் வைரஸ் உள்ளேயே தங்கிவிடுகிறது. மற்றவர்களுக்கு இப்படித் தங்கிவிடும் தொற்று புற்றாக மாற 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளே போதும். ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குப் புற்றுநோய் வரும் ஆபத்தும் ஆறு மடங்கு அதிகம்.

அதனால்தான் மற்ற பெண்கள் 30 வயதிலும், ஹெச்.ஐ.வி. உள்ளவர்கள் 25 வயதிலும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்கான ஒரு முறையில், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறுதல் உள்ள இடம் வெளுத்துத் தெரியும். அப்போதே சிகிச்சை செய்தால் புற்றுநோய் வராமலே தடுக்கலாம்.

ஹெச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாத்திரை வாங்கப் போகும் சகோதரிகளே, அடுத்த முறை இந்தப் பரிசோதனையையும் கேளுங்கள். வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளை இருந்தால், ஹெச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் விசாரியுங்கள். கூச்சம் வேண்டாம், கேட்பது உங்கள் உரிமை.