பேர் மாறுது... கிலோமீட்டர் எங்கே?

(தகவல் தொழில்நுட்ப அணி பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போனா நாம கேக்குற முதல் கேள்வி என்ன? "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" பேரமே அதை வச்சுத்தான். ஆனால் அதுக்கு ஆர்.சி.யில் பதில் இருக்கா? இல்லை. பேர் மாற்றக் கொடுக்கும் படிவம் 29, படிவம் 30-ல? சேசிஸ் நம்பர் இருக்கு, எஞ்சின் நம்பர் இருக்கு. கிலோமீட்டர் எழுத ஒரு கட்டம்கூட இல்லை!

காகிதம் கணினிக்குப் போயிடுச்சு, உண்மைதான். 'வாகன்' தளம் வந்தது. 2018-ல் விதியைத் திருத்தி, டிஜிலாக்கரில் இருக்கும் ஆர்.சி.யும் செல்லும்னு ஆக்கினாங்க. வரவேற்கிறோம். ஆனால் காகிதத்தில் இல்லாதது கணினியில் மட்டும் எப்படி வரும்?

அதே 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த அன்று பதிவில் யார் பேர் இருக்கோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. பதிவுக்கு அவ்வளவு பலம்! அப்போ கிலோமீட்டரை மட்டும் ஏன் வாய் வார்த்தைக்கு விட்டோம்?

அமெரிக்காவைப் பாருங்க. மீட்டரைக் குறைப்பது குற்றம்னு 1972-லேயே சட்டம். விற்பவர் மீட்டர் அளவை உரிமைப் பத்திரத்திலேயே எழுதிக் கையெழுத்திடணும்னு 1986-ல் இன்னொரு சட்டம். 2019-ல்தான் அதை முழுசா மின்னணு முறைக்கு மாற்ற விதி. அதுவும் நிபந்தனையோடு. கையெழுத்திடுபவர் யார்னு உறுதி செய்யணும், எப்போ கையெழுத்தானது, எப்போ திறந்தாங்க என்பதெல்லாம் நேரத்தோடு பதிவாகணும். 10 ஆண்டு தாண்டிய வண்டிக்கு இருந்த விலக்கையும், 2011 மாடலில் இருந்து 20 ஆண்டாகத் தள்ளி வச்சாங்க. ஏன்னா பழைய வண்டிதான் பல கை மாறுது.

இவ்வளவு இருந்தும் அங்கே ஆண்டுக்கு 4.5 லட்சம் வண்டிகள் பொய் மீட்டரோடு விற்கப்படுறதா அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பே மதிப்பிட்டிருக்கு. பதிவே இல்லாத நம்ம ஊரை யோசிச்சுப் பாருங்க. டிஜிட்டல் மீட்டரா இருந்தாலும், கருவியை மாட்டி எண்ணை மாற்றிடலாம்.

இது பணப் பிரச்சினை மட்டும் இல்லை. 60 ஆயிரம்னு நம்பி வாங்கின வண்டி 1.6 லட்சம் ஓடியிருந்தா, டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய கெடு எப்பவோ முடிஞ்சிருக்கும். கடன் வாங்கி வண்டி எடுத்த டிரைவர் நடுரோட்டில் நிப்பார்.

நாம கேக்குறது பெரிசா ஒண்ணுமில்லை:

✅ படிவம் 29-ல் கிலோமீட்டருக்கு ஒரு கட்டம், விற்பவர் கையெழுத்தோடு.
✅ எஃப்.சி., புகைச் சான்று, பேர் மாற்றம் என ஒவ்வொரு முறையும் மீட்டர் அளவு தேதியோடு ஒரே பதிவில் சேரணும்.
✅ வாங்குபவர் பணம் கொடுக்கும் முன்பே அதைப் பார்க்க முடியணும்.

அதுவரைக்கும் சர்வீஸ் ரெக்கார்டைக் கேட்டு வாங்குங்க. விற்கும்போது வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீங்க. வண்டி வாங்கப் போற நண்பருக்கு இதைப் பகிருங்க.