வழி தெரியாத ஓட்டுநர்

துறையின் மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்கும்போது தலைமை நாற்காலி யாருக்கும் கொஞ்சம் உறுத்தும். இன்று அதில் உட்காரவைக்கப்பட்டவருக்கும் உறுத்துகிறது.

பெருவிளையாட்டுகளும் நகரப் போக்குவரத்தும் என்பது மாநாட்டின் பொருள். ரயில் தடத்தின் கொள்ளளவு, ஒலிம்பிக் வாகனங்களுக்கான தனித்தடம், போட்டிச் சீட்டோடு சேர்த்துத் தரும் பயணச்சீட்டு எல்லாம் அவை அறிந்தவை; அமர்வுகள் அவற்றைப் பார்த்துக்கொள்ளும். இந்த உரை பஸ் ஓட்டுநரைப் பற்றியது.

ரயில் போதாத நகரம் ஒலிம்பிக்கை ஏற்கக் கூடாது என்று சொல்வோர், 1996 அட்லாண்டாவைச் சான்று காட்டுவது வழக்கம். அப்படி எழுதிய நண்பர்கள் சிலர் இங்கேயே இருக்கிறார்கள். மரியாதையோடு மறுக்க வேண்டியிருக்கிறது. அட்லாண்டாவின் மார்ட்டா ரயில் அந்த நாட்களில் இரவு பகலாக ஓடியது. நெரிசல் கடுமைதான், ஆனாலும் கூட்டத்தைச் சுமந்தது. காலை வாரியது பஸ். பல ஊர்களிலிருந்து இரவல் வாங்கிய வண்டிகள். அட்லாண்டாவின் தெருக்களை முன்பின் பார்த்திராத ஓட்டுநர்கள். படகுப் போட்டி நடந்த லேனியர் ஏரியோ நகரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். காத்திருந்து சலித்த துடுப்பு வீரர்கள் ஒரு பஸ்ஸைத் தாங்களே கைப்பற்றினார்கள்!

சிட்னி விழித்துக்கொண்டது. ஒலிம்பிக் பூங்காவுக்குள்ளேயே 1998இல் ரயில் நிலையம் திறந்தது. அவ்வாண்டின் ராயல் ஈஸ்டர் கண்காட்சிக் கூட்டத்தையே ஒத்திகையாக்கியது. 2000இல் ரயில்கள் பாராட்டு வாங்கின. பஸ்ஸில் மட்டும் பழைய கதை. வெளியூரிலிருந்து வந்த ஓட்டுநர்கள் வழிதவறினார்கள். வேலை நிலைமை பிடிக்காமல் சிலர் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள்.

லண்டன் 2012இல், செயின்ட் பாங்க்ரஸிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு ஜாவலின் ரயில் 7 நிமிடத்தில் போனது. அதே லண்டனில், போட்டிகள் தொடங்கும் முன்பே, ஜூலை 16 அன்று, அமெரிக்க வீரர்களை ஏற்றிய பஸ் வீரர் கிராமத்துக்கு வழி தெரியாமல் ஏறத்தாழ நான்கு மணி நேரம் சுற்றியது. இதற்கும் தண்டவாளப் பற்றாக்குறையைத்தான் காரணம் சொல்வதா?

அடுத்து, சிக்னல் கட்சியினர். 1984 லாஸ் ஏஞ்சலஸின் வெற்றியைக் கொலிசியம் அரங்கைச் சுற்றி நிறுவிய கணினி சிக்னல்களின் கணக்கில் எழுதுகிறார்கள். சிக்னலுக்குப் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் லாரிகள் சரக்கு இறக்குவதை இரவுக்கு மாற்றிக்கொண்டன. அலுவலகங்கள் வேலை நேரத்தை முன்பின்னாக்கின. அன்றைக்கு அந்த நகரத்தில் மெட்ரோ ரயிலே கிடையாது. முதல் தடம் ஓடியது 1990இல்தான். பார்வையாளர்களுக்கான சிறப்பு பஸ்களை இயக்கியது உள்ளூர்ப் போக்குவரத்துக் கழகம். தெருக்கள் பழகிய கைகள் அவை. அட்லாண்டாவோடு ஒப்பிடுவோர் இந்த வேறுபாட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடிக்குறிப்பில்கூட அது இடம்பெறுவதில்லை.

ஓட்டுநரின் பணிப்பட்டியல், வழி ஒத்திகை, தங்குமிடம், ஓய்வு நேரம் ஆகியவை டிப்போ பதிவேடுகளில் இருக்கும். ஆய்வாளர்கள் அங்கே போவதில்லை, மாதிரிக் கணக்கீட்டோடு நின்றுவிடுகிறார்கள். கட்டுரை வாசிக்கவிருப்போருக்கு ஒரே வேண்டுகோள்: எத்தனை பஸ் என்று சொல்லும்போது, அதை ஓட்டியவர் எந்த ஊர்க்காரர், அந்தத் தடத்தில் முன்பு எத்தனை முறை ஓட்டிப் பார்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.