வெட்கப்படாமல் பாடுங்கள்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் இசை பற்றிப் பேசும்படி கேட்டார்கள். ஐரோப்பிய நாட்டார் பாடல்களும் நடன இசையும் ஊர் ஊராகச் சென்று ஒலிப்பதிவு செய்யப்பட்ட வரலாற்றை எடுத்துக்கொண்டேன். புத்தூரில் இருந்துகொண்டு இது எங்களுக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பாடியவரின் குரலோடும் பெயரோடும் ஊரோடும் சேர்த்துக் காப்பாற்றப்பட்ட பாட்டு, என்றோ ஒருநாள் தன் குடும்பத்திடம் திரும்பி வருகிறது. மற்றவை ஊர்பேர் தெரியாமல் போய்விடுகின்றன. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

எங்களில் மூத்தவர்கள் வகுப்பில் ஆங்கில நாட்டார் பாடல்களைப் பாடியிருப்பீர்கள். அவை புத்தகங்களிலிருந்து, பியானோ இசைக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்தப்பட்டு வந்தவை. அந்தப் புத்தகங்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருந்தார்கள். 1903இல் சிசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர் இங்கிலாந்தின் சமர்செற் பகுதியில் ஒரு குருமனைக்குச் சென்றிருந்தபோது, அங்கு வேலை செய்த தோட்டக்காரர் பாடியதைக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்தத் தோட்டக்காரரின் பெயர் ஜோன் இங்கிலண்ட். அன்று தொடங்கிய ஷார்ப், தம் வாழ்நாளில் ஏறத்தாழ ஐயாயிரம் மெட்டுக்களைச் சேகரித்தார். 1916 முதல் 1918 வரை அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் ஆங்கிலேயக் குடியேறிகளின் பாடல்களைத் தேடியபோது, மோட் கார்ப்பெலஸ் என்ற பெண்மணி கூடவே நடந்து பாடல் வரிகளை எழுதினார். ஷார்ப்பின் பெயரைச் சொல்பவர்கள் இந்தப் பெண்ணையும் சொல்ல வேண்டும்.

ஷார்ப் பெரும்பாலும் காதால் கேட்டுக் கையால் எழுதினார். பேர்சி கிரேஞ்சர் என்ற இசைக்கலைஞர் 1906இல் லிங்கன்சயர் கிராமங்களுக்கு ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுபோனார். மெழுகு உருளையில் சில நிமிடங்கள் மட்டுமே பதியும். போட்டுக் கேட்கக் கேட்க மெழுகு தேயும். ஆனாலும் கிரேஞ்சர் விடவில்லை. கிராமத்துப் பாடகர் ஓர் அடியை நீட்டுவதும், அடுத்த அடியில் அதையே குறுக்குவதும், ஒரு சுரத்தை ஆட்டுவதும் எழுத்தில் அடங்காது என்று அவர் வாதிட்டார். கர்நாடக இசை படித்த எவருக்கும் இது புரியும். சுரங்களைக் கொப்பியில் எழுதிவிடலாம். கமகத்தை எழுதிவிட முடியுமா? குருவின் வாயிலிருந்துதானே அது வரவேண்டும்! கிரேஞ்சர் பதிந்தவர்களுள் ஜோசப் டெய்லர் என்ற முதியவரும் ஒருவர். 1908இல், எழுபது வயதைக் கடந்திருந்த டெய்லரின் பாடல்கள் இசைத்தட்டுக்களாகவே வெளிவந்தன. இன்றும் அந்தக் குரலைக் கேட்கலாம். அதே 1906இல் ஹங்கேரியில் பெலா பார்ட்டொக் தாமும் கருவியைத் தூக்கிக்கொண்டு குடியானவர் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்.

இவையெல்லாம் தூர தேசத்துக் கதைகள். ஐரோப்பிய நாட்டார் இசை எங்கள் நாட்டிலேயே, தமிழ் பேசும் அயலவர் வீடுகளிலேயே வாழ்கிறது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியரைச் சொல்கிறேன்.

போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை 1619இலிருந்து 1658 வரை ஆண்டார்கள். ஆட்சி போனாலும் எங்கள் வீட்டுக் கதிரையும் அலுமாரியும் குசினியும் காலைப் பாணும் காலில் போடும் சப்பாத்தும் அவர்கள் விட்டுப்போன சொற்களாகவே இருக்கின்றன. எங்களிடம் சொற்கள் தங்கின. கிழக்கிலங்கைப் பறங்கியரிடம் மொழியும் பாட்டும் ஆட்டமும் சேர்ந்தே தங்கின. தச்சுவேலை, இரும்புவேலை, தையல் என்று கைத்தொழில் செய்து வாழ்ந்த சமூகம் அது. வெளியில் தமிழ் பேசுவார்கள். கலியாண வீட்டில் வயலின் எடுத்தால் கபிரிஞ்ஞா தொடங்கிவிடும். நாலு சோடிகள் எதிரெதிரே நின்று ஆடும் லான்சர்ஸ் ஆட்டமும் உண்டு. அது 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மண்டபங்களில் ஆடப்பட்டது. கபிரிஞ்ஞா என்ற பெயரிலேயே, போர்த்துக்கேயர் கொண்டுவந்த ஆபிரிக்கரின் நினைவு இருக்கிறது. ஆகவே இதைத் தனி ஐரோப்பிய இசை என்று சொல்லிவிட முடியாது. மூன்று கண்டங்கள் ஒரு கலியாணப் பந்தலுக்குள் ஆடுகின்றன.

இந்தப் பாடல்கள் பெரும்பாலும் நாலடிப் பாடல்கள். காதலும் கேலியும் நிறைந்தவை. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய ஹியூ நெவில் என்ற ஆங்கிலேய அதிகாரியின் சேகரிப்பில் இவற்றின் கையெழுத்துப் பிரதி ஒன்று இருந்தது. அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டேவிட் ஜாக்சன் அதை ஆராய்ந்து 1990இல் நூலாக வெளியிட்டார். ஏட்டோடு நின்றுவிடாமல் பாடுகிறவர்களையும் தேடிப்போய்ப் பதிந்தார். அந்த ஒலிப்பதிவுகள் 1998இல் போர்த்துக்கலில் இசைத்தட்டாக வெளிவந்தன. மலாக்காவில் வாழும் போர்த்துக்கேய வழியினர் பாடும் 'ஜிங்லி நோனா'வுக்கும் இலங்கைப் பாட்டொன்றுக்கும் உள்ள உறவையும் அவர் எடுத்துக்காட்டினார். ஒரு பாட்டு கப்பலேறிக் கடல் கடந்து போன தடம் அது.

இதே இசையின் ஒரு கிளைதான் பைலா. 1940களில் வோலி பஸ்ரியன் அதைச் சிங்களத்தில் புகழ்பெறச் செய்தார். சிலோன் மனோகர் பாடிய 'சுராங்கனி' தமிழகத்தையும் ஆடவைத்தது. எங்கள் கலியாண வீடுகளிலும் பைலா போடாவிட்டால் பிள்ளைகள் விடுவதில்லை. ஆனால் ஆடுகிறவர்களில் எத்தனை பேருக்கு மட்டக்களப்புப் பறங்கியரின் வயலின் நினைவுக்கு வருகிறது? பாட்டு பிழைத்துக்கொண்டது. பாடியவர்களின் பெயர்தான் வழியில் விழுந்துபோயிற்று.

2004 டிசம்பர் 26ஆம் திகதி பறங்கியர் பலர் வாழ்ந்த மட்டக்களப்பு டச்பார் பகுதியைச் சுனாமி அடித்துக்கொண்டு போனது. உயிர்களோடு வீடுகளும் போயின. அதற்கு முன் பதியப்பட்ட குரல்கள் வெளியில் இருந்ததால் தப்பின. பின்னர் லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியூகோ கார்டோசோவும் அவரது குழுவினரும் அந்தச் சமூகத்தாரோடு சேர்ந்து பேச்சையும் பாட்டையும் ஆட்டத்தையும் மறுபடி பதிந்து, அழிந்துவரும் மொழிகளுக்கான இணையக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். இளையவர்கள் தமிழுக்கே மாறிவரும் இக்காலத்தில், ஒரு பேரப்பிள்ளை பாட்டன் பாட்டியர் பேசிய மொழியையும் பாடிய பாட்டையும் அங்கே கேட்கலாம்.

சகோதரிகளே, இனி எங்களைப் பார்ப்போம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாதவை சாம்பலாயின. 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து நடந்தது. அன்று கையில் எடுத்தவை எவை, விட்டுவந்தவை எவை என்று உங்களுக்குத் தெரியும். கலியாண வீட்டுக் கசெற்றுக்களும் அப்பாச்சி பாடிய கசெற்றும் அலுமாரிக்குள்ளேயே கிடந்தன.

எங்கள் செம்மண் தோட்டங்களில் துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், மிதித்தவர் பாடினார். இறைப்பு மெசின் வந்தது. வேலை போனதும் பாட்டும் போயிற்று. உரலில் நெல்லுக் குற்றியபோது பாடிய பெண்களும் ஆலையோடு வாயை மூடிக்கொண்டார்கள். ஐரோப்பாவிலும் அறுவடை இயந்திரம் வந்தபோது இதுதான் நடந்தது. வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் போன்றோர் எங்கள் நாட்டார் பாடல்களைத் தேடி அச்சேற்றினார்கள். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் அச்சில் வரிகள்தான் இருக்கும். அம்மம்மாவின் தாலாட்டில் குரல் தழுதழுக்கும் இடம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

அந்தக் காலத்தில் பார்ட்டொக் சுமந்த கருவியைவிடச் சிறந்த கருவி இன்று உங்கள் ஒவ்வொருவரின் கைப்பையிலும் இருக்கிறது. ஆகவே இசை ஆசிரியையாக இருந்த பழக்கத்தில் ஒரு வீட்டுவேலை தருகிறேன்.

உங்கள் குடும்பத்தில் மூத்த ஒருவரிடம் போய் இருங்கள். அவர் புத்தூரிலும் இருக்கலாம், ரொறன்ரோவில் மாடிவீட்டிலும் இருக்கலாம், லண்டனில் முதியோர் இல்லத்திலும் இருக்கலாம். எதற்குப் பதிகிறீர்கள், யார் கேட்பார்கள் என்று முதலில் சொல்லிச் சம்மதம் பெறுங்கள். பெயர், பிறந்த ஊர், பாட்டை யாரிடம் கற்றார், எந்த வேலையில், எந்தச் சடங்கில் பாடினார் என்று அவர் வாயாலேயே சொல்லவிடுங்கள். இடையில் பேசாதீர்கள். சுருதி பிசகினாலும் சொல் மாறினாலும் திருத்தாதீர்கள். பாட்டு முடிந்தவுடன் நிறுத்திவிடாதீர்கள். உண்மையான கதை அதற்குப் பிறகுதான் வரும். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்று ஒருவர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அந்த மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் எங்கள் மரபுதான். பதிந்ததை மூன்று இடங்களில் வையுங்கள். அதில் ஓர் இடம் நாட்டுக்கு வெளியே இருக்கட்டும். 2005 முதல் எங்கள் ஏடுகளைக் காத்துவரும் நூலக நிறுவனத்தின் ஆவணகத்தில் ஒலிப்பதிவுகளுக்கும் இடமுண்டு.

"போ பிள்ளை, எனக்கு வெக்கமாக் கிடக்கு" என்று அவர்கள் முதலில் சொல்வார்கள். ஜாக்சன் தமது நூலுக்கும் இசைத்தட்டுக்கும் வைத்த பெயரின் பொருள் 'வெட்கப்படாமல் பாடு' என்பதுதான். அதையே நீங்களும் சொல்லுங்கள். நீங்களும் கூடச் சேர்ந்து ஓரடி பாடுங்கள். பிழையாகப் பாடினால் இன்னும் நல்லது. திருத்துவதற்காகவே அவர்கள் முழுப்பாட்டையும் பாடிவிடுவார்கள்!

அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு குரலைக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன். வரமுடியாதவர்கள் அனுப்பிவையுங்கள். பட்டியலில் பாட்டின் முதலடிக்கு முன்னால் பாடிய பெண்ணின் பெயரை எழுதுவோம்.