காசு கட்டும் முன், ஆளைத் திட்டும் முன்

(டிரஸ்டின் மாதாந்திர நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





கல்வி உதவி, மருத்துவ உதவி பற்றிப் பேசும் இந்தக் கூட்டத்தில் வைஃபை பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம்மிடம் வரும் மனுக்களில் இப்போது இதுவும் ஒன்றாகிவிட்டது. "பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு நின்று நின்று வருகிறது, பெரிய பிளான் போட உதவுங்கள்" என்று கேட்டு வருகிறார்கள். கொடுப்பது ஸதக்கா பணம். அது தேவையான இடத்துக்குத்தான் போகிறதா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது.

முதலில் ஒரு தாயாரைப் பற்றிச் சொல்கிறோம். நம்மிடம் மாதாந்திர உதவி பெறுபவர். அவருடைய மகன் முன்பு சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அப்போது தினமும் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவார்கள். மகன் துபாய்க்கு மாறியதும் அது நின்றுவிட்டது. அழைத்தால் மணி அடிக்கும், எடுத்தால் குரல் வராது, கட்டாகிவிடும். "இங்கே வாட்ஸ்அப் கால் போகாது உம்மா" என்று மகன் சொன்னதை அவர் நம்பவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை துபாயிலிருந்து தினமும் வீடியோவில் பேசுகிறானே! நெட் சரியில்லை என்று யாரோ சொல்ல, மாதம் 400 ரூபாய் கூடுதலாகக் கட்டிப் பெரிய பிளானுக்கு மாறினார். அப்போதும் கால் வரவில்லை. "என் பிள்ளைக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை" என்ற முடிவுக்கு வந்துவிட்டார். ஏழு மாதம், 2,800 ரூபாய். பணத்தை விடுங்கள், ஒரு தாயின் மனம் ஏழு மாதம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

நம் இளைஞர் ஒருவர் போய்ப் பத்து நிமிடம் பார்த்தார். அதே போனில் மக்கா ஹரம் ஷரீஃபின் நேரலை தடையில்லாமல் ஓடியது. சென்னையில் இருக்கும் மகளுக்கு வாட்ஸ்அப் வீடியோ கால் நன்றாகப் போனது. அப்படியென்றால் கோளாறு இந்த வீட்டில் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இருக்கிறது. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளில்தான் அங்கே பேசுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பேசியதும் அதில்தான். மகனும் அந்தச் செயலியின் பெயரைச் சொல்லித்தான் இருக்கிறார். அதை யாரிடம் கொடுத்து ஏற்றுவது என்று தாயாருக்குத் தெரியவில்லை, கேட்கவும் கூச்சம்.

இதோடு ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். "விபிஎன் போட்டால் வாட்ஸ்அப்பே வேலை செய்யும்" என்று நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். தடுக்கப்பட்ட காரியத்துக்கு விபிஎன் பயன்படுத்துவது அந்த நாட்டில் குற்றம். அபராதம் 5 லட்சம் திர்ஹத்திலிருந்து தொடங்குகிறது. சம்பாதிக்கப் போன பிள்ளையை அந்த ஆபத்தில் தள்ள வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். நாம் பார்க்கும் படமும் கேட்கும் குரலும் ஐந்து கண்ணிகள் உள்ள சங்கிலியில் வருகின்றன. வெளியிலிருந்து வரும் ஃபைபர் லைன், வீட்டிலுள்ள ரவுட்டர், ரவுட்டரிலிருந்து கருவி வரை போகும் வைஃபை, நம் கையிலுள்ள போன் அல்லது டிவி, கடைசியாக மறுமுனை. எந்தக் கண்ணி அறுந்தாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: திரையில் சுற்றிக்கொண்டிருக்கும் வட்டம். அதனால் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு செயலியில் வருகிறதா? வேறு கருவியில் வருகிறதா? ரவுட்டர் பக்கத்தில் நின்றால் வருகிறதா?

ஒரு செயலியில் மட்டும் வரவில்லையென்றால் கோளாறு பெரும்பாலும் அந்தச் செயலியில் அல்லது மறுமுனையில். செயலியைப் புதுப்பித்துப் பாருங்கள், கொஞ்ச நேரம் பொறுங்கள். அந்தத் தாயார் வீட்டில் நடந்தது இந்த வகைதான்.

ஒரு கருவியில் மட்டும் வரவில்லையென்றால் அந்தக் கருவியைப் பாருங்கள். டிவியை ரிமோட்டில் அணைத்தால் அது முழுதாக அணைவதில்லை. பிளக்கைப் பிடுங்கிச் சிறிது நேரம் கழித்துப் போடுங்கள். தேதியும் மணியும் சரியா என்று பாருங்கள். அவை தவறாக இருந்தால் பல செயலிகள் இணைய மறுத்துவிடும். போனில் ஓடுவதை டிவிக்கு அனுப்ப முடியவில்லையென்றால், இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ரவுட்டர் பக்கத்தில் நன்றாக வந்து, உள் அறையில் வரவில்லையென்றால் வைஃபை எட்டவில்லை என்று அர்த்தம். இதற்குப் பெரிய பிளான் மருந்தாகாது. பிளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளையின் மனு இப்படித்தான் வந்தது. போய்ப் பார்த்தால் ரவுட்டர் முன் அறையில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. பிள்ளை இரண்டு கனத்த சுவர்கள் தாண்டிப் பின்கட்டில் படித்தது. நடுக்கூடத்தில் ஆள் உயரத்தில் ரவுட்டரை மாட்டினோம், வகுப்பு நிற்காமல் ஓடியது. கொஞ்சம் வயர் செலவோடு முடிந்தது. பல ரவுட்டர்களில் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு, பக்கத்து வீட்டு வைஃபையோடும் மைக்ரோவேவ் அடுப்போடும் இடிபடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைத் தாண்டத் திணறும். பக்கத்து அறைக்கு 5, தூரத்து அறைக்கு 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டர் பக்கத்திலேயே எந்தக் கருவியிலும் வரவில்லையென்றால்தான் லைனையோ ரவுட்டரையோ சந்தேகிக்க வேண்டும். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று பொருள். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அலமாரிக்குப் பின்னால் மடிந்து நசுங்கினாலே வெளிச்சம் கசிந்துவிடும். அதைக் கழற்றி அதன் முனையைக் கண்ணால் பார்க்காதீர்கள். உள்ளே வருவது லேசர் ஒளி. சிவப்பு விளக்கு இல்லையென்றால் ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போட்டு, ஐந்து நிமிடம் காத்திருங்கள். பின்புறமுள்ள சின்ன ஓட்டையில் ஊசியைக் குத்த வேண்டாம். அது நிறுவனம் பதிந்து கொடுத்த அமைப்பையெல்லாம் அழித்துவிடும்.

எவ்வளவு வேகம் போதும்? எச்டி தரத்தில் ஒரு படம் ஓட நொடிக்கு 5 மெகாபிட் இருந்தால் போதும். 4கே தரத்துக்கு 15 முதல் 20 வரை வேண்டும். போனில் ஒரு பிள்ளை வகுப்பு பார்க்க இவ்வளவெல்லாம் தேவையே இல்லை. மாதக் கடைசியில் மட்டும் மெதுவானால், உங்கள் பிளானின் டேட்டா அளவு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

எங்கள் தவறையும் சொல்லிவிட வேண்டும். ரமளானில் தராவீஹ் பயானை நேரலையில் விட்டோம். நின்று நின்று போனது. வீட்டில் இருந்த பெண்களிடமிருந்து புகார்மேல் புகார். லைன் தம்பிக்குப் போன் போட்டு, நாலு பேர் முன்னால் கடுமையாகப் பேசிவிட்டோம். அவர் இரவு பதினொரு மணிக்கு வந்து, ரவுட்டரில் கேபிள் செருகித் தன் லேப்டாப்பில் காட்டினார். லைன் சுத்தமாக இருந்தது. நாங்கள் வைஃபை பாஸ்வேர்டை அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தோம். வந்தவர்களின் போன்களெல்லாம் அதில் இணைந்து, தாமாகவே போட்டோக்களை மேலே அனுப்பிக்கொண்டிருந்தன. நேரலைக்குத் தேவையானதும் அந்த மேலே போகும் பாதைதான். பாஸ்வேர்டை மாற்றினோம், நேரலைப் போனை ரவுட்டர் பக்கத்தில் வைத்தோம், சரியாகிவிட்டது. மறுநாள் அந்தத் தம்பியிடம் அதே நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை பாய்" என்று சிரித்துவிட்டுப் போனார். எங்களுக்குத்தான் வெட்கமாக இருந்தது.

ஆகவே இனி இணைய பிளானுக்கான மனு வந்தால், முதலில் வீட்டைப் பார்ப்போம், பிறகுதான் பணம். உண்மையிலேயே லைன் போதாத வீடுகளுக்கு உதவி உண்டு, அதில் குறை வைக்க மாட்டோம். லைன் கோளாறு உறுதியாகியும் நிறுவனம் சரிசெய்யவில்லையென்றால், புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம். இன்ஷா அல்லாஹ், சனிக்கிழமைதோறும் அஸருக்குப் பின் இரண்டு இளைஞர்கள் அலுவலகத்தில் இருப்பார்கள். பெண்கள் மட்டும் உள்ள வீடுகளுக்கு நம் மகளிர் குழுச் சகோதரி ஒருவர் உடன் வருவார். வருபவர்கள் ஓடிபி கேட்க மாட்டார்கள், வங்கிச் செயலியைத் தொட மாட்டார்கள். அப்படி யாராவது கேட்டால் அவர் நம் ஆள் இல்லை.

அந்தத் தாயார் பழைய பிளானுக்கே திரும்பிவிட்டார். நமக்கும் துபாய்க்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். மகன் வேலை முடிந்து அறைக்கு வருவதற்குள் இங்கே இஷா முடிந்துவிடுகிறது. தொழுதுவிட்டு அவர் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். "பிள்ளை மெலிஞ்சிருக்கான்" என்பதுதான் இப்போது அவருடைய ஒரே கவலை. அல்ஹம்துலில்லாஹ்.

தெரியாததைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கேட்பவர்களிடம் தெரிந்தவர்கள் சலித்துக்கொள்ளாதீர்கள். அல்லாஹ் நம் குடும்பங்களைச் சேர்த்து வைப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.