முப்பது நாளும் எட்டு மணியும்

குரோவேஷியாவின் தென்கோடியில், ஏட்ரியாட்டிக் கடலோரம் துப்ரோவ்னிக் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் வெளியே தங்கிய பிறகுதான் ஊருக்குள் நுழையலாம் என்று 1377-இல் அந்நகரம் சட்டம் போட்டது. கொரோனா காலத்தில் நாமெல்லாம் பழகிய தனிமைப்படுத்தலுக்கு அது ஒரு முன்னோடி. அந்தச் சட்டத்தில் நான் வியப்பது ஒன்று உண்டு. கடல் வணிகத்தை நம்பி வாழ்ந்த ஊர், துறைமுகத்தைச் சாத்தினால் பிழைப்பே போய்விடும். ஆகவே கதவை அடைக்காமல், வருகிறவரிடம் நேரத்தைக் கேட்டது.

இன்று அங்கே வரும் உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் காலையில் கரை சேர்ந்து மாலையில் கிளம்பிவிடுகின்றன. கிரூஷ் துறையில் இறங்கும் ஆயிரக்கணக்கானோர் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பழைய நகரின் பீலே வாசலை நோக்கிப் புறப்படுகிறார்கள். பழைய நகரைச் சுற்றியுள்ள மதிலின் நீளமே சுமார் 1,940 மீட்டர்தான். அதற்குள் ஸ்திராதுன் என்ற ஒரு பெரிய தெரு, மற்றவை பெரும்பாலும் குறுகிய சந்துகள். நெரிசல் தாங்காமல், ஒரே நேரத்தில் இரண்டு கப்பல், ஏறத்தாழ 4,000 பயணிகள் என்று நகராட்சி கப்பல் நிறுவனங்களுடன் பேசி வரம்பு வைத்தது. நல்ல முடிவு. ஆனால் தலைகளை எண்ணினால் மட்டும் போதாது, தங்கும் நேரமும் நீள வேண்டும் என்பேன். எட்டு மணி நேரமே கையில் இருப்பவர் பேர்பெற்ற இடத்துக்குத்தான் ஓடுவார். எல்லோரும் அங்கேயே ஓடுவார்கள். இரண்டு நாள் இருப்பவர் வெயில் தாழ்ந்தபின் மதில்மேல் நடப்பார், எதிரே உள்ள லோக்ரும் தீவுக்குப் படகேறுவார். கூட்டம் தானாகக் கலையும்.

கப்பல் குறைந்தால் கடைக்காரர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கவலைதான். ஆனால் கப்பல் பயணி சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் சீட்டு வாங்கும்போதே பணம் கட்டிவிட்டவர். பசித்தால் கப்பலுக்கே திரும்புவார். ஊரில் இரவு தங்குகிறவர்தான் உணவகத்துக்கும் விடுதிக்கும் காசு கொடுக்கிறார். இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது: முதியவர்களும் நடக்க முடியாதவர்களும் உலகைப் பார்க்கக் கப்பலை விட்டால் வேறு வழி ஏது? அவர்களுக்காகவே கப்பல் வர வேண்டும். அவசரமும் தள்ளுமுள்ளும் முதலில் வதைப்பது அவர்களைத்தான். கப்பல் ஓர் இரவு கூடுதலாக நின்றால் அதிகம் பயன்பெறுவோரும் அவர்களே. துறைமுகக் கட்டணத்தில் கொஞ்சம் இழப்பு வரும், மறுக்கவில்லை. காத்திருப்புக்கு விலை உண்டு என்பது 1377-லும் அந்த வணிகர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

அப்படிக் காத்திருக்க வேண்டிய பயணிகளைத் தங்கவைக்கப் பின்னாளில் கிழக்கு வாசலுக்கு வெளியே கட்டிய லசாரெத்தி கூடங்கள் இன்றும் நிற்கின்றன. இப்போது அங்கே கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. மாலையில் அங்கே விளக்கேற்றும் நேரத்தில், கிரூஷ் துறையில் கப்பல்களின் கயிறுகளை அவிழ்க்கிறார்கள்.